மோட்டார் லீடுகளுக்கு எந்தக் கனெக்டர்? ஒரு மாவு மில்லின் அனுபவம்

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் அப்பா 1987-இல் தொடங்கிய மாவு மில்லை இப்போது நான் நடத்தி வருகிறேன். மில்லை ஓட்டுவது 10 எச்பி மும்முனை மோட்டார். அதன் பெயர்த்தகட்டில் 415 வோல்ட், 14.5 ஆம்பியர் என்று பொறித்திருக்கிறது. முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, வேகம் பிடித்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்டரில் ஓடுவதால் மோட்டாரிலிருந்து 6 லீடுகள் (காயில்களின் முனைக் கம்பிகள்) வெளியே வருகின்றன. இந்த 6 லீடுகளும் ஸ்டார்டரிலிருந்து வரும் கேபிளோடு சேரும் இடத்தை, காயில் எரிந்து மில் ஒன்பது நாள் மூடிக் கிடக்கும் வரை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பேன், பெல்ட்டின் இழுப்பைப் பார்ப்பேன், கல்லைக் கொத்தி வைப்பேன். மோட்டாரின் மேல் அந்த லீடுகள் சேரும் டெர்மினல் பெட்டியின் மூடியை மட்டும் திறந்து பார்க்க மாட்டேன்.

அதற்கு முந்தைய ஆண்டில் ஒரு முறை மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டி வந்தது. அப்போது டெர்மினல் பெட்டிக்குள் இருந்த கறுப்பு நிற பேக்கலைட் பிளேட் விரிசல் விட்டிருந்ததால், கட்டிக் கொடுத்த கடைக்காரர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, 6 லீடுகளையும் நீளமாக வெளியே விட்டுக் கொடுத்துவிட்டார். புதுப் பிளேட் வாங்கி வந்து பொருத்தும் பொறுமை எனக்கும் இல்லை. வீட்டு வயரிங் வேலையில் மிஞ்சிய வெள்ளை நிற பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று கையில் இருந்தது. 12 துளைகளில் 6 துளைகள் அளவுக்கு நறுக்கிக்கொள்ளக்கூடிய, இரண்டு பக்கமும் திருகு வைத்த அந்த வகையை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதன் மேல் 30 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. மோட்டாருக்கு 14.5 ஆம்பியர்தானே, இரண்டு மடங்கு தாங்கும் பொருளைத்தானே போடுகிறேன் என்று மனக்கணக்குப் போட்டு, ஒரு பக்கம் மோட்டாரின் தாமிர லீடுகளையும் மறுபக்கம் அப்பா காலத்து அலுமினியக் கேபிளையும் செருகித் திருகினேன். மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, மூடியையும் மூடிவிட்டேன்.

பத்து மாதம் ஓடியது. பொங்கலுக்கு முந்தைய வாரம், காலையிலிருந்து மிளகாயும் மல்லியும் மாறி மாறி அரைத்துக்கொண்டிருந்தோம். மிளகாய் நெடி ஏறிக் கிடக்கும் மில்லில் வேறு எந்த வாசனையும் மூக்குக்குத் தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பிளாஸ்டிக்கும் பேக்கலைட்டும் சூடேறும்போது கெட்டுப்போன மீன் போன்ற ஒரு கவிச்சை வரும். வேறு ஏதேனும் ஒரு நாளாக இருந்திருந்தால் அதை மோப்பம் பிடித்திருப்பேன். அன்று என் காதுக்குத்தான் முதலில் தெரிந்தது. மோட்டாரின் ஓசை ஒரு படி கனத்து, உறுமல் போல மாறியது. தானியம் அதிகமாக விழுகிறதோ என்று கொப்பரையின் பலகையைத் தள்ளிக் குறைத்தேன். சில நிமிடங்களில் மோட்டாரின் பின்பக்க விசிறி மூடியிலிருந்து வெண்புகை வந்தது. நிறுத்திவிட்டு, வேண்டாத வேலையாக மறுபடியும் ஒரு முறை பச்சைப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். மோட்டார் சுற்றாமல் உம்மென்று நின்றது.

இந்த முறை வேறொரு கடைக்கு எடுத்துச் சென்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் காயில் கட்டி வரும் பெரியவர் அவர். மூடியைக் கழற்றியதும் காயிலின் முனைகளை டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தார். கரிந்த பகுதிகளுக்கு இடையிடையே, சீரான இடைவெளியில், சில காயில்கள் மட்டும் வார்னிஷ் மினுமினுப்புக் குறையாமல் இருந்தன.

“பாருங்க தம்பி, ரெண்டு பேஸ் கரிஞ்சு போச்சு, ஒண்ணு மட்டும் பளபளன்னு நிக்குது. கரிஞ்சது மேல தப்பு இல்லீங்க. கரியாம நிக்குதே, அதோட லீடைப் போயிப் பாருங்க,” என்றார்.

“ஈ.பி. லைன்லயே ஒரு பேஸ் போயிருக்குமோ அண்ணா?” என்று கேட்டேன்.

“டெல்டாவுல ஓடறப்ப லைன்ல ஒரு பேஸ் போச்சுன்னா ஒரு செட்டுக் காயில்தான் கரியும். ரெண்டு செட்டுக் கரிஞ்சிருக்குதுன்னா மோட்டாருக்குப் பக்கத்துலயே ஒரு லீடு விட்டுப் போயிருக்குதுங்க.”

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து தாளில் வரைந்து பார்த்தபோதுதான் முழுவதும் விளங்கியது. டெல்டா இணைப்பில் ஒவ்வொரு காயில் தொகுதியிலும் ஓடுவது லைன் மின்னோட்டத்தில் ஏறக்குறைய 58 விழுக்காடு, அதாவது என் மோட்டாரில் 8.4 ஆம்பியர். 6 லீடுகளில் ஒன்று இணைப்பில் விட்டுப்போனால் அந்தத் தொகுதி செத்துவிடுகிறது. மீதி இரண்டு தொகுதிகளும் முழுச் சுமையையும் தூக்க முயலும்போது ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டம் சுமார் 1.73 மடங்காகி 14.5 ஆம்பியரைத் தொடுகிறது, வெப்பம் மூன்று மடங்காகிறது. மின்னோட்டம் வரம்பு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே இந்த இடத்தில் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனால் ஸ்டார்-டெல்டா ஸ்டார்டரில் ரிலே பெரும்பாலும் காயிலுக்குப் போகும் வழியில் இருப்பதால் அதை 8.4 ஆம்பியரில் வைக்க வேண்டும் என்பதை அறியாமல், பெயர்த்தகட்டைப் பார்த்து 14.5-இல் நான் திருகி வைத்திருந்தேன். காயிலை எரித்த மின்னோட்டமும் நான் ரிலேக்குக் கொடுத்திருந்த வரம்பும் ஒன்றாகவே இருந்தன. பழைய ரிலே அசையாமல் இருந்ததில் வியப்பில்லை. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவதற்காக ஸ்டார்டரோடு இருந்த சிங்கிள் பேசிங் தடுப்பானும் உதவவில்லை. அது ஸ்டார்டருக்கு வரும் மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் வகை. வரும் பக்கத்தில் மூன்று பேஸும் நன்றாகத்தான் இருந்தன.

மில்லுக்குத் திரும்பி டேப்பைப் பிரித்தேன். டேப்பின் பசை உருகி, அதில் மாவும் மிளகாய்த் தூளும் ஒட்டி, அரை அங்குலத் தடிமனுக்கு ஒரு பழுப்புக் கட்டியாக இறுகியிருந்தது. அதைக் கத்தியால் கீறி எடுத்தபோது ஐந்து துளைகள் வெள்ளையாகவே இருந்தன. ஒன்று மட்டும் காப்பி நிறத்துக்கு மாறி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. திருகின் தலையில் திருப்புளியை வைத்ததும் எதிர்ப்பே இல்லாமல் சுழன்றது. உள்ளிருந்த லீடின் முனையில் மெல்லிய இழைகள் பாதிக்குமேல் அறுந்து கிடந்தன. அவற்றைத் திருகின் கூர்முனையே அறுத்திருந்தது. எஞ்சிய இழைகள் கறுத்து, தொட்டால் பொடிந்தன. எதிர்ப்பக்கத்து அலுமினியக் கம்பியின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருந்தது.

அந்தக் கனெக்டர் அதற்குரிய வேலையில் மோசமான பொருள் அல்ல. அசையாத சுவரில், ஒற்றைக் கம்பியில், குழல்விளக்குக்கு மின்சாரம் கொடுக்க அது போதும். மோட்டாரின் பெட்டிக்குள் நடப்பது வேறு. திருகு நேரடியாக இழைகளின் மேல் அழுந்துகிறது. மோட்டார் நாள் முழுவதும் அதிர்கிறது. ஓடும்போது சூடாகி, நின்றதும் ஆறி, உலோகங்கள் விரிந்து சுருங்குகின்றன. திருகைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் வாஷர் எதுவும் இல்லை. பிளாஸ்டிக்கும் சூட்டில் இளகுகிறது. 30 ஆம்பியர் என்ற எண் பொய் இல்லை, அது எந்தச் சூழலுக்குச் சொல்லப்பட்டது என்பதை நான் கேட்கவில்லை.

தளர்ந்த இணைப்பு எவ்வளவு சூடாகும் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, அதை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் வாட் கணக்கில் வரும். இணைப்பில் 0.3 ஓம் தடை ஏற்பட்டால், 8.4 ஆம்பியருக்கு அது 21 வாட். வானொலி பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி ஓர் அயர்னை டேப்பால் சுற்றி, எரியக்கூடிய மாவுத் தூள் படியும் பெட்டிக்குள் நாள் முழுவதும் வைத்தது போன்ற காரியத்தை நான் செய்திருந்தேன். ஸ்டார்ட் ஆகும் நேரத்திலும், ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் நொடியிலும் மின்னோட்டம் பல மடங்கு ஏறும். அது இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. கனெக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியரை மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அலுமினியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய மில்களிலும் தோட்டங்களிலும் இன்றும் அந்தக் கேபிள்கள்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. அலுமினியத்தைச் சுரண்டிய உடனே காற்றுப் பட்டு அதன் மேல் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அது மின்சாரத்தைக் கடத்தாது. சூட்டில் தாமிரத்தைவிட அலுமினியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும். திருகின் அழுத்தத்தில் மெல்லப் பிதுங்கி இடம் விட்டுக் கொடுக்கும். இரண்டு உலோகங்களும் நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். இதற்கென்றே ஒரு பாதி அலுமினியமும் மறுபாதி தாமிரமுமாக பைமெட்டல் லக் என்று ஒன்று இருக்கிறது (லக் என்பது கம்பியின் முனையில் மாட்டும் உலோகக் காது). பெரிய கேபிள்களுக்கு அது எளிதாகக் கிடைக்கிறது. என் சிறிய கேபிளின் அளவுக்கு நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. தாமிர லக்கை அலுமினியக் கம்பியில் அழுத்திக் கொடுக்கிறேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். ஒரு முறை சூடு பட்ட பிறகு அதற்கு மனம் ஒப்பவில்லை. ஸ்டார்டரிலிருந்து மோட்டார் வரை 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள்களைப் புதிதாக இழுத்தேன்.

புதிய டெர்மினல் பிளேட்டை வாங்கிப் பொருத்தியதுதான் நான் செய்தவற்றில் மிகவும் பயனுள்ள காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். 6 பித்தளைத் தண்டுகளில் 6 லீடுகள் நட்டு போட்டு உட்காரும் அந்தப் பிளேட் இருக்கும்போது கனெக்டர் என்ற கேள்வியே பாதி தீர்ந்துவிடுகிறது. லீடின் முனைக்கு லக் போட்டால் போதும். என் பிளேட்டின் தண்டுகள் எம்5 அளவு. ஆகவே 5 மில்லிமீட்டர் துளையுள்ள ரிங் லக் வாங்கினேன். வாய் பிளந்த ஃபோர்க் லக்கைப் போடுவது சுலபம், நட்டைக் கழற்றாமலே செருகலாம். ஆனால் நட்டு சற்றுத் தளர்ந்தாலும் அது நழுவி வெளியே வந்துவிடும். ரிங் லக் தளர்ந்தாலும் தண்டைவிட்டுப் போகாது. அதிரும் இயந்திரத்துக்கு ரிங் லக் தவிர வேறெதையும் நான் இனிப் போடுவதாக இல்லை.

லக்கில் கம்பி நுழையும் குழாய்ப் பகுதியான பீப்பாயின் அளவு கம்பியோடு பொருந்த வேண்டும். பிளாஸ்டிக் உறையுள்ள லக்குகளில் சிவப்பு 0.5 முதல் 1.5 வரையும், நீலம் 1.5 முதல் 2.5 வரையும், மஞ்சள் 4 முதல் 6 சதுர மில்லிமீட்டர் வரையும் ஏற்கும். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் உறைகள் சாதாரணமாகப் பிவிசியால் ஆனவை. சூடான டெர்மினல் பெட்டிக்கு அவற்றைவிட, உறையில்லாத, வெள்ளீயம் பூசிய தாமிர லக்கைப் போட்டு அதன் கழுத்தில் ஃபைபர் ஸ்லீவ் ஏற்றுவதே எனக்குச் சரியாகப்படுகிறது. பெரிய லக்கில் மெல்லிய கம்பியை இரண்டாக மடித்துத் திணிப்பதும், சிறிய லக்கில் நுழைவதற்காகச் சில இழைகளை வெட்டிவிடுவதும் கடைகளில் கண்ணெதிரே நடக்கிறது. இரண்டையும் செய்யவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

லக்கை நசுக்கிக் கம்பியோடு பிடிக்க வைக்கும் கிரிம்பிங் வேலையில் நானே ஏமாந்த கதை உண்டு. முதல் லக்கைக் கட்டிங் பிளேயரால் நசுக்கி, மேலே ஒரு முறை சுத்தியலாலும் தட்டினேன். பார்க்க அழகாகத் தட்டையாக இருந்தது. பெரியவர் அதைக் கையில் வாங்கி, கம்பியை ஒரு கையிலும் லக்கை மறு கையிலுமாகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். வெண்டைக்காயின் காம்பு கழன்று வருவது போல வந்துவிட்டது. பிறகு அவருடைய கிரிம்பிங் கருவியால் ஒன்று செய்து காட்டினார். முழு அழுத்தம் விழும் வரை வாயைத் திறக்காத, ராட்செட் வைத்த கருவி அது. உறையைப் பீப்பாயின் நீளத்துக்கு மட்டும் உரித்தார். ஓர் இழைகூட வெட்டுப்படவில்லை என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கம்பியின் நுனி பீப்பாயைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே தெரியும்படி நுழைத்தார். பீப்பாயின் நெடுக்கே ஓடும் தையல் ஒரு பக்கமும் குழி விழுவது அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் அமையுமாறு வைத்து அழுத்தினார். அதை நான் என் முழு பலத்தோடு இழுத்தும் அசைக்க முடியவில்லை. அந்தக் கருவியை வாடகைக்குக் கேட்டேன். தர மறுத்துவிட்டார், மோட்டாரைத்தான் கொண்டுவரச் சொன்னார். பிறகு கோவைக்குப் போனபோது நானே ஒன்று வாங்கிக்கொண்டேன்.

சிலர் லீடின் முனைக்கு ஈயம் பற்றவைத்துக் கெட்டியாக்கி, அதன் மேல் திருகு போடுகிறார்கள். ஈயம் மெத்தென்ற உலோகம். திருகின் அழுத்தத்தில் நாளடைவில் ஒதுங்கிக் கொடுக்கும், இணைப்பு தானாகத் தளரும். பற்றவைத்த முனையைத் திருகுக்கு அடியில் வைப்பதை நான் விட்டுவிட்டேன்.

தண்டின் மேல் பொருள்களை அடுக்கும் வரிசையும் முக்கியம். லக்கின் தட்டையான முகம், அடியிலுள்ள பித்தளை நட்டின் முகத்தை நேரடியாகத் தொட வேண்டும். அதற்கு மேல் தட்டை வாஷர், பிறகு ஸ்பிரிங் வாஷர், பிறகு நட்டு. இரும்பு வாஷரை லக்குக்கு அடியில் போட்டால் மின்சாரம் இரும்பைக் கடந்து போக வேண்டியிருக்கும், அந்த இடம் சுடும். இறுக்குவதிலும் வீரம் காட்டக் கூடாது. எம்5 பித்தளைத் தண்டுக்கு 2 நியூட்டன் மீட்டர் அளவு போதும், அதாவது சிறிய ஸ்பேனரால் மணிக்கட்டு பலத்தில் இறுக்குவது. நீளமான ஸ்பேனரைப் போட்டு நான் ஒரு தண்டை முறுக்கி உடைத்திருக்கிறேன். இன்னொன்று: ஸ்டார்-டெல்டா ஸ்டார்டரின் 6 கேபிள்களையும் இணைக்கும்போது, புதுப் பிளேட்டோடு வரும் மூன்று பித்தளை இணைப்புப் பட்டைகளைக் கழற்றிவிட வேண்டும். அவற்றை விட்டுவைத்தால் ஸ்டார்டரைப் போட்டதுமோ அது மாறும் நொடியிலோ ஷார்ட் ஆகிவிடும். லீடுகளில் யூ1, வி1, டபிள்யூ1, யூ2, வி2, டபிள்யூ2 என்ற அடையாளங்கள் அழிந்துபோவதற்கு முன் அவற்றின் மேல் எண் வளையம் போட்டுவிடுவது நல்லது. பழைய மோட்டார்களில் ஏ1, பி1, சி1 என்ற வரிசை இருக்கும்.

பிளேட் வைக்க இடமே இல்லாத மோட்டார்களும் உண்டு. அங்கே இரண்டு முனைகளுக்கும் ரிங் லக் போட்டு, முகத்தோடு முகம் வைத்து போல்ட்டால் இறுக்கி, முதலில் ரப்பர் டேப்பும் அதன் மேல் நல்ல தரமான டேப்பும் சுற்றலாம். போல்ட்டின் கூரான முனை டேப்பைக் குத்தாமல் இருக்க அடியில் ஒரு கனமான பட்டை வைக்க வேண்டும். வெறுமனே இரண்டு கம்பிகளையும் முறுக்கி டேப் சுற்றுவதை, ஒரு நாள் வேலைக்குக்கூட நான் இனி ஏற்பதில்லை.

லீவரைத் தூக்கிக் கம்பியைச் செருகும் ஸ்பிரிங் கனெக்டர்கள் இப்போது எல்லா ஊர்களிலும் கிடைக்கின்றன. மில்லின் தூசி உறிஞ்சும் விசிறி அரை எச்பி ஒற்றை முனை மோட்டார். அதற்கு அவற்றைப் போட்டு மூன்று ஆண்டுகளாக எந்தச் சிக்கலும் இல்லை. திருகு இல்லாததால் அதிர்வில் தளர்வதும் இல்லை. லீவர் இல்லாமல் கம்பியை அழுத்திச் செருகும் வகை பெரும்பாலும் ஒற்றைக் கம்பிக்கு உரியது, மோட்டாரின் மெல்லிய இழைகளுக்கு அது பொருந்தாது. பெயர் தெரியாத மலிவு நகல்களில் அச்சிட்ட ஆம்பியரை நான் நம்புவதில்லை. உள்ளேயிருக்கும் தகடு மெல்லியதாக வளைகிறது. 10 எச்பி மோட்டாரின் சூடான பெட்டிக்குள் நல்ல தயாரிப்பையும் நான் வைக்க மாட்டேன். இது என் எச்சரிக்கை உணர்வு, விதி அல்ல.

மச்சானுடைய தோட்டத்துப் போர்வெல் மோட்டாருக்கும் இதே கேள்வி வந்தது. தண்ணீருக்குள் போகும் இணைப்பில் திருகு, போல்ட் எதற்கும் இடமில்லை. குழாய் வடிவ தாமிரக் கனெக்டரில் இரண்டு முனைகளையும் எதிரெதிரே நுழைத்துக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழலை ஏற்றிச் சூடு காட்டினோம். மூன்று இணைப்புகளும் ஒரே இடத்தில் குண்டாகச் சேராதபடி படிப்படியாகத் தள்ளி அமைத்தோம். இறக்குவதற்கு முன் இணைப்பை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரால் பார்த்தோம். குழாயோடு இறக்கிய பிறகு தவறு தெரிந்தால், வண்டியை மறுபடியும் வரவழைத்து அத்தனை குழாயையும் தூக்க வேண்டும்.

இப்போது மில்லில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதிய இணைப்பு போட்டால் ஒரு மாதம் ஓடிய பிறகு ஒரு முறை நட்டுகளைச் சரிபார்க்கிறேன், ஏனெனில் முதல் சில சூட்டுக்கும் ஆறலுக்கும் பிறகுதான் அவை உட்காருகின்றன. பிறகு ஆயுத பூஜைக்கும் சித்திரைக்குமாக ஆண்டுக்கு இரண்டு முறை. மெயினை நிறுத்தி, ஃபியூஸ் கேரியர்களைக் கையோடு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே மூடியைத் திறக்கிறேன். கெபாசிட்டர் இணைத்திருப்பவர்கள் அதில் தங்கிய மின்சாரம் இறங்கும் வரை காத்திருந்து, டெஸ்டரை மட்டும் நம்பாமல் மீட்டரால் பார்த்துவிட்டுக் கை வைக்க வேண்டும். லக்கின் வெள்ளி நிறம் மங்கி நீலமோ கறுப்போ ஏறியிருக்கிறதா, உறை விறைத்துவிட்டதா என்பதைப் பார்க்கிறேன். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டியது போன்ற ஒரு வெப்பமானி, இயந்திரங்களுக்கென்றே விற்பது, என்னிடம் இருக்கிறது. ஒரு மணி நேரம் சுமையோடு ஓட்டி நிறுத்திய உடனே அதைக் கொண்டு 6 முனைகளையும் ஒப்பிடுகிறேன். பளபளக்கும் உலோகத்தில் அது தவறான எண்ணைக் காட்டும். ஆகவே லக்குக்கு ஒட்டிய ஸ்லீவின் மேல் குறி வைக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவில் சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருந்தால் அந்த முனையைக் கழற்றிப் புதிதாகக் கிரிம்ப் செய்கிறேன். இதுவரை ஒரு முறை டபிள்யூ2-இல் அப்படி நேர்ந்தது. கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் வாஷர் இரண்டாக உடைந்திருந்தது.

ரிலே இப்போது 8.4-இல் இருக்கிறது. ஸ்டார்டரின் மேல்பக்கத்துக்கு மெயின் சுவிட்சிலிருந்து வரும் மூன்று கம்பிகள் மட்டும் இன்னும் அப்பா காலத்து அலுமினியம்தான். அவற்றை மாற்ற மெயினுக்கு முன்னாலும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஆடி மாதத்தில் அரைவை குறையும் ஒரு நாளைப் பார்த்து வைத்திருக்கிறேன்.